குளிர்பெட்டிக் கணக்கு

போனில் நான் முதலில் கேட்பது
இறந்தது யார் என்று அல்ல.
வர வேண்டியவர் எங்கே இருக்கிறார்?

துபாய் என்றால் ஒரு ராத்திரி.
சிங்கப்பூர் என்றால் விடிவதற்குள் வந்துவிடுவார்கள்.
லண்டன் ஒன்றரை நாள்.
டல்லாஸ், சியாட்டில் இரண்டு,
அதுவும் விசா தாள் ஒழுங்காக இருந்தால்.
ஆக்லாந்திலிருந்து ஒருவர் வர மூன்று நாள் பிடித்தது,
வந்தவரை வாசலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

நான் விமானம் ஏறியதில்லை.
செல்லூரில் பெட்டிக்கடை; இந்தக் குளிர்பெட்டிகள் இரண்டு;
ஒரு மினி வேன்.
உலகம் எவ்வளவு பெரிதென்று
என் வாடகை நோட்டுக்குத் தெரியும்.
ஜெனரேட்டர் தனி.

அதே நோட்டில் இப்படியும் ஒரு வரி:
திருமங்கலம், இருபது கிலோமீட்டர், நான்கு நாள்.
அண்ணன் தம்பிக்குள் கிணற்று வழக்கு.

போன மார்கழி, வியாழன் விடிகாலை நாலு மணிக்கு
பசுமலையில் ஞானராஜ் கண்மூடினார்.
பெரியாரிலும் பிறகு மாட்டுத்தாவணியிலும்
பஸ் நேரக்காப்பாளர்.
‘ராஜபாளையம், எடு எடு’ என்று
கூண்டுக்குள்ளிருந்து விசில் ஊதியவர்.
என் வேனையே ஒருமுறை ஊதி விரட்டியிருக்கிறார்,
உள்ளே பெட்டி இருக்கிறது என்று தெரிந்தும்.

மகள் ஜெமிமா எட்மண்டனில்.
நோட்டில் இல்லாத ஊர்.
சேதி போய்ச் சேர்ந்தபோது
அங்கே புதன்கிழமை மத்தியானம் மூன்றரை.
வியாழக்கிழமை செத்த அப்பாவுக்காக
அவள் புதன்கிழமையே அழ ஆரம்பித்துவிட்டாள்.

மைத்துனர் எட்வின் போனில் வரைபடத்தை விரித்தார்.
நேர்கோட்டில் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்,
வடதுருவத்தை ஒட்டி ஒரு நீல வளைவு.
‘பதினைந்து மணி நேரம்தான். ஒரு நாள் வாடகை போட்டால் போதும்.’

நேர்கோட்டில் யார் வருகிறார்கள், சார்?

டொரண்டோவுக்கு நாலு மணி நேரம்.
அங்கே ஆறு மணி நேரம் ஒரு நாற்காலி.
துபாய்க்குப் பதின்மூன்று.
துபாயிலிருந்து நேரே மதுரைக்கு வருவதில் ஓர் இடமில்லை,
ஏழு மணி நேரம் அத்தர்க் கடைகளுக்கும் தங்கக் கடைகளுக்கும் நடுவில்
ஒரு பையை உருட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள்.
சென்னைக்கு நாலு.
கடைசி மதுரை விமானம் போய்விட்டது.
பிறகு கார், விழுப்புரம், திருச்சி,
துவரங்குறிச்சியில் ஒரு டீ, குடிக்காமலே.

இங்கே வெள்ளி ராத்திரி இரண்டு தடவை கரண்ட் போனது.
இரண்டாம் முறை ஜெனரேட்டர் கயிறு அறுந்து
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் போராடியபோது
ஜெபக் கூட்டத்தில் பாட்டு நின்றது.
மீட்டர் நாலிலிருந்து ஏழுக்கு ஏறி
மறுபடி இறங்கும் வரை
ஒருவரும் பேசவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணி.
கழுத்தில் மாட்டிய விமானத் தலையணையோடு
வந்து நின்றாள். கழற்ற மறந்திருந்தாள்,
கழற்றச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை.
கண்ணாடி புகைந்திருந்தது. புறங்கையால் துடைத்தாள்.
உள்ளங்கையை வைத்து அப்படியே இருந்தாள்.
பிறகு பெட்டியின் ஓரத்தில் மினுங்கிய
அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்து,
‘நாலு டிகிரிதானா’ என்றாள்.
‘எங்க ஊர்ல வெளியே மைனஸ் இருபத்திநாலு, அப்பா.
இது குளிரே இல்ல.’

திறக்கச் சொன்னார்கள். பிளக்கைப் பிடுங்கினேன்.
இரண்டு நாளாக உறுமிய மோட்டார் நின்றதும்
வீடு இன்னும் பெரிதானது.

வாசலில் எட்வின் கணக்குக் கேட்டார்.
நாற்பத்தொன்பது மணி நேரம்.
‘இரண்டு நாளுக்கு மேலே ஒரு மணி, அதற்கும் காசா?’
அதை அடித்துவிட்டேன்.

குழாயடியில் கை கழுவ வந்தவள்
என்னிடம் மணி கேட்டாள். ஏழரை, என்றேன்.
கட்டியிருந்த கடிகாரத்தில் ஏழுதான்,
வெள்ளிக்கிழமை சாயங்காலத்து ஏழு.
திருகைத் தொட்டாள்,
தொட்டுவிட்டுத் திருப்பாமலே உள்ளே போனாள்.

புது ஊரை நோட்டில் எழுதினேன்.
எட்மண்டன்: இரண்டு நாள்.